சுவருக்கு அப்பால் கேட்ட அழுகை

தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர் அறிவர். ஒரு வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் இடையே இருந்தது ஒற்றைப் பலகைச் சுவரே. அப்பலகை வழியே தாளிக்கும் மணம் வரும், தாலாட்டு வரும், பிள்ளை அடிபடும் ஓசையும் வரும். "பெற்றவன் அடிக்கிறான், நமக்கென்ன?" என்று திரும்பிப் படுத்துக்கொள்வது அங்கே பண்பாடாகவே கருதப்பட்டது. அடியாத மாடு படியாது என்னும் பழமொழியும் அதற்குத் துணை நின்றது. கண்டிப்பு வேறு, கொடுமை வேறு என்பதை அப்பழமொழி பிரித்துக் காட்டுவதில்லை. மாட்டுக்குச் சொன்னதை மகவுக்குப் பொருத்தியதே பிழையன்றோ!

இத்தகைய சுவர் ஒன்றின் வழியே கசிந்த அழுகைதான் 1874ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூயார்க் நகரில், ஒரு வழக்காக உருவெடுத்தது. அச்சிறுமியின் பெயர் மேரி எல்லன் வில்சன். உள்நாட்டுப் போரில் தந்தையை இழந்தவள். தாயாலும் காக்க இயலாமல் அறநிலையத்தின் கைக்கு வந்து, அங்கிருந்து ஒரு குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டவள். அவ்வீட்டுப் பெண்ணையே அவள் அம்மா என்று அறிந்திருந்தாள்.

ஏழைகள் நெருங்கி வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பு அது. பூட்டிய அறைக்குள் ஒரு பிள்ளை நாள்தோறும் அடிபடுவதை அக்கம்பக்கத்தார் எட்டா வீலர் என்னும் சமயத் தொண்டரிடம் கூறினர். அடுத்த வீட்டு நோயாளிக்கு உதவி கேட்பவர்போல் அவர் உள்ளே சென்றார். டிசம்பர் மாதக் கடுங்குளிர். வெறுங்காலுடன், கிழிந்த மெல்லிய உடையில், மெலிந்த சிறுமி ஒருத்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். மேசைமேல் முறுக்கிய தோல்சாட்டை கிடந்தது. அவள் கைகால்களில் அதன் தடங்கள் இருந்தன.

வீலர் காவலரை நாடினார். குற்றத்திற்குச் சான்று வேண்டும் என்றனர். அறச்சங்கங்களை நாடினார்; சட்டப்படி கொண்டுவந்தால் ஏற்போம் என்றனர். நல்லோர் சிலரோ, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையே புகுவது ஆபத்து என்று அறிவுரை கூறினர். மாதங்கள் ஓடின. இறுதியில் அவர் ஹென்றி பெர்க் என்பாரிடம் சென்றார். 1866இல் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவியவர் அவர். பெர்க் கேட்டது ஒன்றே: கண்டதை எழுத்தில் தருக.

விலங்குகளுக்கான சட்டத்தைக் கொண்டே அச்சிறுமி மீட்கப்பட்டாள் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கேட்பதற்குச் சுவையானது, ஆயின் உண்மையன்று. சங்கத் தலைவராக அல்லாமல் தனிமனிதராகவே தாம் வந்ததாகப் பெர்க் கூறினார். அவருடைய வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெர்ரி, மனிதருக்கான ஆட்கொணர்வுச் சட்டத்தின் கீழேயே மனுச் செய்தார். பிள்ளையைத் தாக்குவது அந்நாளிலும் குற்றந்தான். அச்சட்டத்தைக் கையிலெடுத்து நடத்துவதைத் தம் கடமையாகக் கொண்ட அமைப்புத்தான் இல்லை.

ஏப்ரல் 9ஆம் நாள், போர்வை ஒன்றில் சுற்றப்பட்டுச் சிறுமி நீதிபதி ஆபிரகாம் லாரன்ஸ் முன் கொண்டுவரப்பட்டாள். அங்கிருந்த ஆடவரும் அழுதனர் எனச் செய்தியாளர் ஜேக்கப் ரீஸ் பின்னர் எழுதினார். நெற்றியில் கத்தரிக்கோல் பட்ட வெட்டு இருந்தது. தன் வயது அவளுக்குத் தெரியவில்லை. அம்மா ஒருநாளும் தன்னை முத்தமிட்டதில்லை என்று சொன்னாள். வளர்ப்புத்தாய்க்கு ஓராண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

தண்டனையோடு வேலை முடியவில்லை. மீட்ட பிள்ளையை எங்கே வைப்பது? முதலில் வைத்த விடுதி அவளுக்கு ஏற்றதாக இல்லை. வீலர் மீண்டும் முறையிட, நீதிபதி சிறுமியை அவர் பொறுப்பிலேயே விட்டார். ரோசெஸ்டர் அருகே வீலரின் தாயும், அவருக்குப்பின் தங்கையும் அவளை வளர்த்தனர். மேரி எல்லன் 24 வயதில் மணம்புரிந்து, 1956இல் மறைந்தார். அவருடைய மகளிர் இருவரும் ஆசிரியைகள் ஆயினர்.

அவ்வழக்கின் விளைவாக நியூயார்க்கில் 1875இல் சட்டப்படி அமைந்த சிறார் வதைத் தடுப்புச் சங்கத்தை, அத்துறையில் உலகின் முதற் சங்கம் என்பர். அங்கே தனிமனிதர் கதவு கதவாகத் தட்டிப் பெற்றதை, மலேசியாவில் இன்று 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் முறைப்படுத்தி வைத்திருக்கிறது. 1991ஆம் ஆண்டுச் சிறார் பாதுகாப்புச் சட்டம் உள்ளிட்ட மூன்று சட்டங்களின் இடத்தில் வந்து, 2002 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது அது. துன்புறும் பிள்ளையைச் சமூகநலத் துறையின் பாதுகாவலரோ காவல் அதிகாரியோ தற்காலிகப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் சிறார் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். அம்மன்றம் எல்லாரும் வந்து வேடிக்கை பார்க்கும் மன்றமன்று. பிள்ளையின் பெயரும் பள்ளியும் ஏட்டில் வெளிவரலாகாது.

நீதிமன்றம் என்றதும் பிள்ளையைப் பிடுங்கிவிடுவர் என்று நம் மக்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் முழுவதும் சரியன்று. பெற்றோரிடம் பிணை எழுதி வாங்கலாம். பாதுகாவலரின் மேற்பார்வையில் வைக்கலாம். தக்கவர் ஒருவரிடமோ பாதுகாப்பு இல்லத்திலோ ஒப்படைக்கலாம். எதைச் செய்யினும் பிள்ளையின் நலனே தலையாயது என்கிறது சட்டம். கொடுமை செய்தார்க்குரிய தண்டனை, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 வெள்ளி அபராதம், 20 ஆண்டுச் சிறை என்னும் அளவுக்கு உயர்ந்தது.

ஆயினும் கட்டளையிடுமுன் நீதிமன்றம் பாதுகாவலரின் அறிக்கையைப் பார்க்கிறது. அவ்வறிக்கைக்கு வேண்டிய செய்தி யாரிடம் இருக்கும்? பெரும்பாலும் வகுப்பாசிரியரிடந்தான். விளையாட்டு நேரத்தில் நீண்ட கைச்சட்டையைக் கழற்ற மறுக்கும் பிள்ளை, மணி அடித்தபின்னும் வீட்டுக்குப் போக மனமின்றி நிற்கும் பிள்ளை, இவர்களை நாள்தோறும் காண்பவர் அவர். "பையன் அடிக்கடி சோர்ந்திருந்தான்" என்னும் பொதுச்சொல் அங்கே பயன்படாது. "திங்கட்கிழமை காலை, இடக்கையில் மூன்று கோடுகள், அப்பா என்று சொன்னான்" என்னும் ஒருவரிக் குறிப்பு பயன்படும். எழுதியபின் தலைமையாசிரியரிடம் காட்டலாம். 15999 என்னும் எண்ணை அழைக்கலாம். பலகைச் சுவரானாலும் கற்சுவரானாலும், அதைத் தாண்டி நீதிபதியின் மேசைவரை செல்லக்கூடியது அந்த ஒரு தாள்.