பெரிய பிரேக்குக்கு முன் நல்ல டயர்

புல்மோட்டை வீதியில், திரியாய்ப் பக்கம் மாடு குறுக்கே வந்தால் வேகமான காரை நிறுத்துவது டயரின் பிடிதான். இருக்கிற பிரேக்கே ஏபிஎஸ்ஸை இயங்கவைக்கிறதென்றால் டயர் தன் எல்லையைத் தொட்டுவிட்டது. விலையுயர்ந்த கலிப்பர் அதற்குமேல் தூரத்தைக் குறைக்காது. பிறகேன் லான்சர் எவோ காருக்குப் பிரெம்போ பிரேக் பூட்டினார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேகம் 2 மடங்கானால் நிறுத்தும்போது சூடாக மாறும் சக்தி 4 மடங்கு. திரும்பத் திரும்ப மிதிக்கையில் அந்தச் சூட்டைத் தாங்கப் பெரிய டிஸ்க் வேண்டும். கடுகண்ணாவை இறக்கத்தில் அது உதவும், நம் சமதரையில் அதற்கு வேலை குறைவு. சூட்டில் கொதித்துவிடக்கூடிய பிரேக் ஒயிலைத்தான் பலர் மறக்கிறார்கள். டொட் 4 தரத்தின்படி புதிய ஒயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ்; ஈரம் உறிஞ்சியபின் 155 இருந்தாலே போதுமாம். தம்பிமாரே, கலிப்பருக்குக் காசு சேர்க்குமுன் டயரையும் ஒயிலையும் மாற்றுங்கள்.