மூங்கில் தண்டவாளம்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், வாலாஜாவை எட்டுமுன் வருவது காவேரிப்பாக்கம். பல்லவர் காலத்துப் பேரேரி ஒன்று அவ்வூருக்கு அணிகலனாய் விளங்குகின்றது. பாலாற்று அணைக்கட்டின் கால்வாய் அதற்கு நீரூட்டுகின்றது. அண்மையில் அங்குச் சென்றிருந்தோம். ஏரியைக் காணவன்று, சிறுவயதில் நாம் இரயில் ஓட்டிய தோட்டத்தைக் காண!

'அவ்வூரில் இரயில் நிலையமே இல்லையே' என வாசகர் வினவலாம். உண்மையே. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை 1856 ஜூலை 1ஆம் நாள் இராயபுரத்திற்கும் வாலாஜா ரோட்டிற்கும் இடையே திறக்கப்பட்டபோது, அது நம் ஊரைத் தொடாது வடக்கே ஒதுங்கிச் சென்றுவிட்டது. வராத இரயிலை நாமே வரவழைத்தோம்.

1982ஆம் ஆண்டு கோடை விடுமுறை. சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய பொருள்களுக்கிடையே கிடைத்த, சாவி கொடுத்தால் ஓடும் தகர இன்ஜின் ஒன்று நம் கைக்கு வந்தது. (அம்மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று.) கிணற்றடியிலிருந்து வாழைத்தோட்டம் வரை மூங்கில் பட்டைகளால் பாதை அமைத்தோம். வேலங்குச்சிகளே குறுக்குக்கட்டைகள்; தீப்பெட்டிகளே பெட்டிகள்.

நண்பர் இருவர் துணைநின்றனர். ஒருவனுடைய தந்தை இருப்புப்பாதையில் கேங்மேன். ஒருநாள் மழையில் மூங்கில் ஊதி, பாதை வளைந்து, இன்ஜின் கவிழ்ந்தபோது அப்பெரியவரே வந்து பார்த்தார். "வெயிலில் இரும்பே நீளும் தம்பி; அதனால்தான் இணைப்புதோறும் சிறு இடைவெளி விடுகிறோம். உங்கள் மூங்கிலுக்கும் இடம் விடுங்கள். வளைவில் வெளிப்புறத் தண்டவாளம் சற்று உயர்ந்திருக்கட்டும்" என்றார். அவ்வாறே செய்தோம், வண்டி கவிழவில்லை.

மற்றவன் இராணிப்பேட்டைத் தோல் பதனிடும் தொழிலாளியின் மகன். தந்தை கொணர்ந்த தோல் துண்டுகளை மெல்லிய வார்களாக அறுத்து, பெட்டியோடு பெட்டியை இணைத்தவன் அவனே. நூல் அறுந்தது; கம்பி ஒடிந்தது; அவன் தந்த தோல்வார் மட்டும் வளைவுகளில் வளைந்துகொடுத்து நிலைத்தது.

அடுத்த ஆண்டே அவன் தந்தை நோயுற்றார். அவன் பள்ளியை விட்டுத் தோல் பதனிடச் சென்றான். நாம் குருமடம் சேர்ந்தோம். கடிதம் எழுதுவோம் என்று வாக்களித்தோம், ஒன்றும் எழுதினோமில்லை.

புனே நகரில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றிரயில் அருங்காட்சியகத்தை ஒருமுறை கண்டோம். விளக்குகள் மின்ன, மின்சாரத்தால் ஓடும் சிற்றிரயில்கள் கண்ணைக் கவர்ந்தன. நம் கண்களோ பெட்டிகளின் இணைப்புகளையே தேடின. அன்றுதான் காவேரிப்பாக்கம் செல்லத் துணிந்தோம்.

தோட்டம் இருந்த இடத்தில் இன்று வீடுகள். நண்பன் திண்ணையில் அமர்ந்திருந்தான். ஆண்டுக்கணக்கில் சுண்ணாம்பிலும் இரசாயனத்திலும் ஊறிய கைகள் வெடித்திருந்தன. "வாங்க சாமி" என்று எழுந்தான். அந்தச் 'சாமி' நம்மைச் சுட்டது. "எழுதாமல் இருந்துவிட்டோம், மன்னித்துவிடு" என்றோம்.

அவன் உள்ளே சென்று, துருவேறிய இன்ஜினைக் கொணர்ந்தான். அதன் பின்புறம் அத்தோல்வார் இன்னும் தொங்கியது. "எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்தேன், அதான் காயலை" என்றான், பின்பு சிரித்து, "சாவிதான் தொலைஞ்சிடுச்சு, உங்கிட்ட இருக்காடா?" என்றான்.

'சாமி' மறைந்து 'டா' வந்ததே! நாற்பதாண்டு இடைவெளியை அவ்வோரெழுத்து இணைத்துவிட்டது. எண்ணெயிடாமல் நாம் காயவிட்ட வாரை அவனன்றோ காத்திருந்தான்!