அழகர்கோயில் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம்

எட்டு வயது வரை தம்பி தன் கையால் ஒரு வாய் சோறு அள்ளித் தின்று நான் பார்த்ததில்லை. அம்மா ஊட்டுவாள். அம்மா நடவுக்குப் போன நாளில் அப்பத்தா ஊட்டும். தோசையைப் பிய்த்து, சட்னியில் தோய்த்து, வாய்ப் பக்கம் கொண்டுபோய் "ஆ சொல்லு சாமி" என்றால் வாயைத் திறப்பான். கண் தெரியாத பிள்ளைக்கு நாம் செய்யாமல் வேறு யார் செய்வது? எங்கள் வீட்டில் அன்பு என்றால் அதுதான்.

மேலூர் பக்கம் அ. வல்லாளப்பட்டியில் இருந்தோம். மூன்று வயதில் அவனுக்கு மணல்வாரி போட்டது. வேப்பிலை கட்டினார்கள். கீரை ஆகாது, முட்டை ஆகாது என்று பத்தியம் காத்தார்கள். கொல்லையில் முருங்கை தழைத்து நின்றது. சத்துக் குறைந்த உடம்பில் மணல்வாரி இறங்கினால் மிச்சமிருக்கும் வைட்டமின் ஏவையும் அது தின்றுவிடும், சில நாளிலேயே கருவிழி குழைந்துபோகும் என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ சொட்டு கொடுக்கும் திட்டம் 1970லேயே நாட்டில் தொடங்கியாகிவிட்டது. அந்தச் சொட்டு தம்பியின் வாயில் விழவில்லை. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு மதுரை அண்ணா நகருக்கு ஓடினார். டாக்டர் வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் ஆஸ்பத்திரி அப்போதே பெரிய பெயர். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தபோது இரண்டு கண்ணிலும் காரியம் முடிந்திருந்தது.

பள்ளிக்கூடம் என்ற பேச்சு வந்தபோதெல்லாம் பாளையங்கோட்டை என்றுதான் சொன்னார்கள். 1890ல் ஆஸ்க்வித் அம்மையார் தொடங்கிய பள்ளி அது. தென்மாவட்டத்தில் பார்வையில்லாத எத்தனையோ பிள்ளைகளை அது ஆளாக்கியிருக்கிறது. ஆனால் வல்லாளப்பட்டியில் இருக்கும் ஒரு தாய்க்குப் பாளையங்கோட்டை வேறு தேசம். காய்ச்சல் என்றால் ஓடிப் பார்க்க முடியாது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனாலும் அன்றைக்கே திரும்ப முடியாது. "எம்புள்ளைய அம்புட்டுத் தொலைவு அனுப்ப மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்படியே வருடங்கள் போயின.

தொண்ணூறுகளின் நடுவில்தான் சுந்தரராஜன்பட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டோம். எஸ்.எம்.ஏ. ஜின்னா என்பவர் 1985ல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தின் பள்ளிக்கூடம் அங்கே இருந்தது. அவருக்கே 13 வயதில் பார்வை போயிருந்தது. ஊனமுற்றோருக்கென்று நாடாளுமன்றம் ஒரு முழுச் சட்டம் போட்டது 1995ல்தான், பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி என்று அதில்தான் எழுதிவைத்தார்கள். அதற்குப் பத்து வருடம் முன்பே பார்வையில்லாத ஒருவர் மதுரைக்குப் பக்கத்தில் இப்படியொரு காரியத்தில் இறங்கிவிட்டார். அப்பாவுக்கு அது ஆச்சரியம். அம்மா கேட்டது ஒரே கேள்வி: "பஸ்ஸு இருக்கா?"

இருந்தது. அழகர்கோயிலில் மாறினால் போதும். அந்தப் பாதையைத் தம்பி சீக்கிரமே பாடம் பண்ணிவிட்டான். கள்ளந்திரியில் பெரியாறு கால்வாயில் தண்ணீர் ஓடும் நாளில் ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று அடிக்கும், "கள்ளந்திரி" என்பான். அடுத்து அப்பன்திருப்பதி. அங்கே ஏறும் கூட்டத்தின் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். அதற்கப்புறம் உட்கார மாட்டான், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

முதல் நாள் அவனைச் சேர்த்துக்கொண்ட வாத்தியாருக்கும் பார்வை கிடையாது. அவனிடம் இரண்டு கேள்வி கேட்டார். மிச்ச நேரம் முழுக்க எங்களிடம்தான் பேசினார். வீட்டில் யார் ஊட்டுவது, யார் குளிப்பாட்டுவது, கிணற்றடிக்குத் தனியாகப் போவானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா பெருமையாகத்தான் பதில் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. "இலை போட்டா உப்பு எங்க வைப்பீங்கம்மா?" என்று கேட்டார். "இடது ஓரம்." "பொரியல்?" "மேல." "சோறு?" "கீழ, நடுவுல." "தட்டுலயும் அப்படியே வைங்க. ஒரு நாளும் இடம் மாத்தாதீங்க. மத்தத அவன் கை பாத்துக்கும்."

பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். "நீ அவனைப் பிடிக்கக் கூடாதும்மா. அவன் உன்னைப் பிடிக்கணும்" என்று சொல்லி, அவன் விரல்களை எடுத்து என் முழங்கைக்கு மேலே வைத்தார். நான் அரையடி முன்னால் நடந்தால், படி ஏறும்போது என் கை உயர்வது அவனுக்குத் தெரிந்துவிடும். அதுவரை தடுக்கித் தடுக்கி வந்தவன் அன்று வாசல் படியில் தடுக்கவில்லை.

அங்கேயே தங்கிப் படித்தான். முதல் லீவில் வீட்டுக்கு வந்தவன் முன்னால் அம்மா தட்டை வைத்துவிட்டு, சேலை முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாதி சோறு தரையில் கிடந்தது. அப்பத்தா அம்மாவைத் திட்டியது. தம்பி மறுசோறு கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனால் மரத்தடியில் நாலைந்து தாய்மார்கள் இருப்பார்கள். தூக்குச்சட்டிகளைத் திறந்து மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் யாரிடமும் பேசாத பேச்செல்லாம் அம்மா அங்கே பேசினாள். பிள்ளைக்குக் கிடைத்த படிப்புக்குச் சற்றும் குறைந்ததில்லை அம்மாவுக்குக் கிடைத்த அந்த மரத்தடி என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஒரு ஞாயிறு தம்பி ஒரு தடித்த தாளைக் கொண்டுவந்தான். ஸ்லேட்டில் தாளைச் செருகி, ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும், தாளைத் திருப்பினால் மேடாகிவிட்ட புள்ளிகளை இடமிருந்து வலமாக விரல் வாசிக்கும். அம்மாவின் சுட்டுவிரலைப் பிடித்துத் தாளில் வைத்தான். "இது அ, ஒரே புள்ளி. இது மெய்யெழுத்துப் புள்ளி, பிரெயில்ல இது முன்னாடியே வந்துரும். அடுத்து ம, மூணு புள்ளி. இன்னொரு ம. கடைசியில ஆ." மொத்தம் 11 புள்ளிகள். கையெழுத்து போட மட்டுமே தெரிந்த அம்மா திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள். காய்த்துப்போன விரல், சரியாக உறைக்கவில்லை. கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தாள்.

அடுத்த சித்திரையில், அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவைக்கு முதல் தடவையாக அவனையும் கூட்டிப்போனோம். அதுவரை கூட்டத்தில் மிதிபடுவான் என்று அப்பத்தாவோடு வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவோம். அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்குப் போகிற வழியில்தான் அவன் பள்ளிக்கூடம் இருக்கிற ஊரும். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். சல்லடம் கட்டியவர்களின் மணிச்சத்தம் நெருங்க நெருங்க அவன் பிடி இறுகியது. தோல்பையிலிருந்து பீய்ச்சிய தண்ணீர் முகத்தில் அடித்ததும் கத்திச் சிரித்தான். சர்க்கரைச் செம்பை அவன்தான் பிடிப்பேன் என்று அடம்பிடித்தான், கொடுத்தோம். "கோவிந்தா" சத்தம் எங்களைக் கடந்து போனபோது, பல்லக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எனக்கு முன்னால் சொன்னான்.

பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் ஐந்து வயதுப் பையனோடு நின்றிருந்தாள். அவன் கண்ணைப் பார்த்ததுமே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைக்குத் தன்னை விட்டால் ஆள் கிடையாது, இறக்கி விட்டால் விழுந்துவிடுவான் என்று அந்தப் பெண் சொன்னாள். அம்மா மறுத்துப் பேசவில்லை. எந்த ஊர், என்ன பஸ் என்று விசாரித்தாள். சிட்டம்பட்டிப் பக்கம் என்றதும் கணக்குப் போட்டாள்.

"காலையில போனா சாயந்தரம் வந்து உலை வச்சிரலாம். ஜூன்ல தெறப்பாக. நான் கூட வாரேன்."

ஜூனில் அவளையும் பையனையும் அம்மாதான் கூட்டிப்போனாள்.