இருந்து ஜெபித்தல்

புணேயின் விஷ்ராந்த்வாடியில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மகன் குடும்பத்தோடு வசிக்கிறார் எழுபது வயதைக் கடந்த ஒரு திருநெல்வேலி அம்மையார். அவருடைய அதிகாலை ஜெபம் நாள்தோறும் ஒரு மன்னிப்போடு தொடங்குகிறது. மூட்டுத் தேய்மானம், முழங்காலிடவே கூடாதென்பது மருத்துவரின் கண்டிப்பு. ஆகவே பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, "ஆண்டவரே, உக்காந்துக்கிட்டே பேசுதேன், மன்னிச்சுக்கிடும்" என்கிறார். மருமகள் பாராத சில நாள்களில், கட்டில் விளிம்பைப் பற்றியபடி முழங்காலிட்டுப் பார்ப்பதும், பிறகு எழ முடியாமல் பேரனை அழைப்பதும் உண்டு.

இந்தக் குற்றவுணர்வின் வேர் இறையியலில் இருப்பதைக் காட்டிலும் மொழியில் ஆழமாக இருக்கிறது. 'உங்களுக்காக முழங்காலில் நிற்கிறோம்' என்று தமிழ்ச் சபையார் சொன்னால், ஜெபிக்கிறோம் என்பதே பொருள். உறுப்பின் பெயர் செயலுக்கு ஆகிவந்த, ஆகுபெயர் போன்றதொரு வழக்கு அது. நாளடைவில் ஆகுபெயர் என்பது மறந்து, முழங்காலே ஜெபம் என்றாகிவிடுகிறது. அப்போது முழங்கால் தேய்ந்தவர், தம் ஜெபமே தேய்ந்ததாக அஞ்சுகிறார்.

திருமறையோ இத்தனை இறுக்கம் காட்டுவதில்லை. தானியேல் முழங்காலிட்டார், கெத்செமனேயில் இயேசுவும் முழங்காலிட்டார். ஆனால், உவமையில் வரும் ஆயக்காரன் நின்றே மன்றாடினான். அமலேக்கியரோடு போர் நடக்கையில் மலையுச்சியில் மோசேயின் கைகள் சோர்ந்தபோது, உடனிருந்தோர் ஒரு கல்லை இட்டு அவரை அமர்த்தி, இருபுறமும் அவர் கைகளைத் தாங்கினர். அவர் அமர்ந்ததால் வேண்டுதலின் வலிமை குன்றவில்லை, போர் வெல்லப்பட்டது. 325இல் கூடிய நிசேயா சங்கத்தின் 20ஆம் விதியோ, ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெந்தெகொஸ்தே காலத்திலும் நின்றே ஜெபிக்கவேண்டும் என்று வகுத்தது. ஒரு காலத்தில் விலக்கப்பட்ட நிலையே வேறொரு காலத்தில் பக்தியின் அளவுகோலாயிற்று.

இதனால் உடல்நிலை பொருட்டல்ல என்றாகிவிடாது. முழங்காலிடுதலில் பணிவு இருக்கிறது. வசதியை மட்டுமே நாடும் உடல் உறங்கியும் போகும். இலொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் முழங்காலிடுதல், குப்புற விழுதல், மல்லாந்து கிடத்தல், அமர்தல், நிற்றல் ஆகிய அனைத்தையும் அனுமதிக்கிறார். தேடியது எந்த நிலையில் கிட்டுகிறதோ அந்நிலையிலேயே தங்கச் சொல்கிறார். அவர் நிறுவிய இயேசு சபையைச் சேர்ந்தவரும், இதே புணேயில் பயிற்சியளித்தவருமான அந்தோனி டி மெல்லோ, தோளில் ஆடை படுவதையும் முதுகு நாற்காலியில் படுவதையும் உணர்வதைத் தம் 'சாதனா' நூலின் தொடக்கப் பயிற்சிகளில் ஒன்றாக வைக்கிறார். உடலை மறப்பதன்று, உடலோடு வந்து சேர்வதே அங்கு முதற்படி.

எனினும் அம்மையாரைத் தொட்டது இவற்றில் எதுவும் அன்று, ஒரு சொல். இரண்டாம் சாமுவேல் 7ஆம் அதிகாரத்தில் தாவீது ஜெபிக்கும் இடத்தில், பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'சமுகத்திலிருந்து' என்கிறது. இன்றைய வாசகருக்கு இது நீங்கற்பொருளைத் தரும் உருபு; சமுகத்தை விட்டு என்று கேட்கும். எபிரேய மூலத்தில் இருப்பதோ அமர்தலைக் குறிக்கும் வினை. 'இரு' என்பதற்குத் தமிழிலும் உட்கார் என்ற பொருள் உண்டு. 'இருக்கை' அதற்குச் சான்று. ஆக, அரசன் ஆண்டவர் முன் உட்கார்ந்து பேசினான். அவன் அமர்ந்திருந்ததை ஓர் உருபின் மயக்கம் மறைத்துவிட்டது.

பேரன் இதை விளக்கியபோது அம்மையார் கண்ணாடியை அணிந்து, அந்த வரியில் விரலை வைத்து நெடுநேரம் பார்த்தார். "இத்தன வருசமா வாசிக்கேன், அங்கயிருந்துன்னுல்லா நெனச்சிருக்கேன்" என்றார்.

விஷ்ராந்தி என்றால் மராத்தியில் ஓய்வு. அந்தப் பெயர் தாங்கிய ஊரில், மறுநாள் அதிகாலையிலும் அதே நாற்காலி ஜன்னலோரம் இழுத்துப் போடப்பட்டது. மன்னிப்பு மட்டும் அன்று கேட்கப்படவில்லை.