கம்பெனிக்குப் போன பிள்ளைகள்

"கம்பெனிக்கு நேரமாச்சுங்க, கொஞ்சம் வழி விடுங்க!"

காலை வேளையில் அவிநாசி பஸ் நிலையத்தில் இறங்கினால் முதலில் காதில் விழுவது இதுதான். டிபன் பாத்திரமும் கையுமாகப் பெண்கள் பறக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் கம்பெனி என்றால் பனியன் கம்பெனி, விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் என்னோடு வந்த அத்தைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அவளுக்கு வேறு ஞாபகம்.

"எங்கள் பாட்டி காலத்தில் கம்பெனி என்றால் நாடகக் கம்பெனிதான். மாமாக்கள் விஷமம் பண்ணினால், 'பாய்ஸ் கம்பெனியில் சேர்த்துவிடுவேன்' என்று மிரட்டுவாளாம்!" என்றாள்.

சிரித்துக்கொண்டே கோயிலுக்குள் போனோம். திருப்புக்கொளியூர் என்று பழம் பெயர் கொண்ட இந்த ஸ்தலம் கோவையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அவிநாசியப்பரையும் கருணாம்பிகையையும் தரிசித்தோம். இந்த ஊர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. வருஷங்கள் சென்று சுந்தரர் அந்த வீதி வழியே வந்தார். தப்பிய பிள்ளைக்குப் பூணூல் கல்யாணம். அந்த வீட்டில் மேளம். எதிர் வீட்டில் அழுகை. சுந்தரர் பதிகம் பாட, முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து விட்டது. அதுவும் எப்படி? விழுங்கிய வயதில் அல்ல. இடைப்பட்ட வருஷங்களின் வளர்ச்சியோடு!

வாசலில் பூ விற்ற பாட்டியம்மாள் கேட்டாள்: "பையன் வந்துட்டானுங்க அம்மிணி, சரி. அவன் வளர்ந்ததை அந்தத் தாய் பார்க்கலியே, அது போனது போனதுதானுங்களே?"

அந்தக் கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை. அத்தை சொன்ன பாய்ஸ் கம்பெனியும் அதோடு சேர்ந்துகொண்டது.

சங்கரதாஸ் ஸ்வாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். நடிகர்கள் எல்லாரும் சிறுவர்கள். ராஜாவும் அவர்கள்தான், ராணியும் அவர்கள்தான். அந்த வருஷமே டி. கே. எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தார்கள். டி. கே. சண்முகத்துக்கு அப்போது வயது 6. முதலை கொண்டுபோன பிள்ளைக்கு ஏறக்குறைய அதே வயது! ஸ்வாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி, அந்தச் சிறுவனை அபிமன்யுவாக்கினார் என்பார்கள்.

ஸ்வாமிகள் 1922-ல் புதுவையில் காலமானார். 1925 மார்ச் 31-ல் திருவனந்தபுரத்தில் சகோதரர்களே ஸ்ரீ பால சண்முகானந்த சபையைத் தொடங்கினார்கள். சண்முகத்துக்கு அப்போது 13 வயதுகூட நிறையவில்லை. அவர்களுடைய தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளையும் நடிகர். பெண் வேஷத்தில் பெயர் பெற்றவர். பிள்ளைகள் நாடகத்துக்குப் போனது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி வாய்க்குமா? பகலில் பாடம், இரவில் நாடகம், ஊர் ஊராகப் பிரயாணம். அம்மாவின் முகம் கனவில்தான். போதாததற்கு, மகரக்கட்டு என்று ஒரு கண்டம். பதினான்கு பதினைந்து வயதில் குரல் உடையும். நேற்றுவரை கைதட்டல் வாங்கிய தொண்டை இன்று கரகரக்கும். ராஜபார்ட் போய்விடும். தேறியவர்கள் பேர் வாங்கினார்கள். தேறாதவர்களின் பேர் நமக்குத் தெரியாது.

கோவையை அடுத்த சிங்காநல்லூரிலிருந்தும் ஒரு பையன் இப்படிப் புறப்பட்டான். பொள்ளாச்சியில் இந்தக் கம்பெனி முகாம் போட்டிருந்தபோது அதில் போய்ச் சேர்ந்தான். அவர்தான் எஸ். வி. சகஸ்ரநாமம். பிற்பாடு சேவா ஸ்டேஜ் என்ற குழுவை நிறுவி, பி. எஸ். ராமையாவின் 'தேரோட்டி மக'னை மேடை ஏற்றினார். பெற்றவளைப் பிரிந்து வளர்ந்த கர்ணன் கதை அது.

என். எஸ். கிருஷ்ணனும் இந்தக் கம்பெனிப் பிள்ளைதான். சகோதரர்கள் 1935-ல் 'மேனகா' படத்தில் நடித்தபோது அவரும் உடன் நடித்தார். 1944-ல் இதே கொங்கு நாட்டில், ஈரோட்டில், நாடகக் கலை மாநாடு கூட்டினார்கள். ஆண்பிள்ளை சண்முகம் கிழவி வேஷம் போட்டு 'ஔவை' சண்முகம் ஆனார். சென்னையில் ஒரு சாலைக்கே அவர் பெயர். சிறுவயதில் அவர் குழுவில் பயின்ற கமல்ஹாசன் 1996-ல் ஒரு படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தது அந்த நன்றிக்குத்தான்.

கம்பெனி விழுங்கிய பிள்ளைகளைக் கலைஞர்களாக நாட்டுக்குத் திருப்பித் தந்தது, சந்தேகமில்லை. ஆனால் அவர்களுக்கு மீசை முளைத்ததை வீட்டில் இருந்தவள் பார்த்தாளா? நாடகச் சரித்திரம் எழுதும்போது அந்தக் கணக்கையும் ஒரு பக்கத்தில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மாலையில் மறுபடி பஸ் நிலையம். கம்பெனி விட்டு வந்த ஒரு பெண், பதினெட்டு வயது இருக்கும், போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு தெற்குச் சீமைப் பேச்சு. "அழாதம்மா, தீபாவளிக்கு வந்துருதேன்லா..."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கோபுரம் இருந்த திசையைப் பார்த்து ஒருமுறை கைகூப்பினாள். எங்கள் பஸ் வந்துவிட்டது.