வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர்

பாளையங்கோட்டையில் வளர்ந்த எனக்குச் சபை நடத்தும் பள்ளிக்கூடம் என்றால் கடல் கடந்து வந்த பாதிரியாரும் கடல் கடந்து வந்த பணமும்தான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பிரோவோ நகரத்துச் செங்கல் கட்டடம் ஒன்றின் முன்வாசலில் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது.

மார்மன் சபையைச் சேர்ந்த குடியேறிகள் 1875இல் தொடங்கிய பிரிகாம் யங் அகாடமி அது. அடித்து விரட்டப்பட்டு, மலை தாண்டி வந்து நிலம் திருத்திய ஜனங்கள் தங்கள் பிள்ளைகளுக்காகத் தாங்களே வைத்துக்கொண்ட பள்ளி. மறு வருடம் கார்ல் மேசர் என்ற ஜெர்மானியர் 29 பிள்ளைகளோடு பாடம் தொடங்கினார்; ஆணும் பெண்ணும் சேர்ந்தே படித்தார்கள். வாத்தியாருக்குக் காசு கிடைத்தது கொஞ்சம்தான். மீதிக்குத் தானியமும் காய்கறியும். 1884இல் பள்ளி தீக்கிரையானது. அகாடமியே போய்விட்டதென்று ஓடிவந்த பழைய மாணவர் ரீட் ஸ்மூட்டிடம், போனது கட்டடம் மட்டும்தான் என்றாராம் மேசர். வகுப்புகள் ஒரு கிடங்கில் நடந்தன. புதுக் கட்டடம் திறக்க 1892 ஆகிவிட்டது. நான் நின்றது அதன் வாசலில்.

இப்போது அது நகர நூலகம். பேரனின் புத்தகப் பையோடு பெஞ்சில் இருந்த மூதாட்டி, நான் கட்டடத்தையே பார்ப்பதைக் கவனித்து, “இதைக் காப்பாத்தக் கூடாதுன்னு ஓட்டுப் போட்டவ நான்” என்றார்.

கால் நூற்றாண்டுக்கு மேல் பாழடைந்து கிடந்த கட்டடம். 1997இல் அதை நூலகமாக்க 1.68 கோடி டாலர் கடன் வாங்கலாமா என்று நகரம் ஓட்டெடுப்பு நடத்தியது. “பென்ஷன்ல வாழுறவங்க தலையில வரியா? வீட்டுக்காரர் வேணும்னார், நான் வேண்டாம்னேன். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை.”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு பொறாமை. எங்கள் பக்கம் நூறு வருடப் பள்ளிக்கூடம் ஒன்றை இடிக்கும்போது, படித்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இவரைக் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்த மண்ணில் முதலில் இருந்தவர்களை யார் கேட்டார்கள்? இது யூட் மக்களின் ஆற்றங்கரை. 1850இல் குடியேறிகள் தொடுத்த தாக்குதலில் அவர்களில் பலர் செத்தார்கள். அதைச் சொன்னேன். “தெரியும். நான் படிச்ச காலத்துல சொல்லித் தரலை. இவனுக்குச் சொல்லித் தரணும்” என்று பேரனைக் காட்டினார்.

இன்னொரு ஓட்டெடுப்பு வந்தால் வரிக்குச் சம்மதிப்பாரா என்று கேட்டேன்.

“எதுக்குன்னு பார்த்துதான்.”