ரிப்போர்ட்டில் ஒரு வரி

முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சை முடிந்த பன்னிரண்டாம் நாள். பாத்ரூமிலிருந்து வந்த அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மூச்சு வாங்குதுடா" என்றாள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நகர்ந்து போய் நுரையீரல் தமனியை அடைத்திருப்பது சி.டி. ஸ்கேனில் தெரிந்தது. ஹெப்பாரின் ஏற்றினார்கள்.

மறுநாள் இரவு ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் படித்தேன். லாக் ஃபைலில் பிழை தேடுவதுதானே என் பிழைப்பு. டெங்கு புண்ணியத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை நம் ஊரில் எல்லோருக்கும் அத்துப்படி. அம்மாவுக்கு அது சரியாகவே இருந்தது. சில வரிகள் தள்ளி எம்.பி.வி., அதாவது தட்டணுக்களின் சராசரிப் பருமன். முதல் நாள் 9.8 ஃபெம்டோலிட்டர், இப்போது 11.4.

ஃபோனில் தேடினேன். பெரிய தட்டணுக்கள் பெரும்பாலும் இளையவை, எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வந்தவை. உறைய வைக்கும் வேகமும் அவற்றுக்கு அதிகம். இந்த அடைப்பு வந்தவர்களில் எம்.பி.வி. கூடியிருந்தவர்களிடையே இறப்பு அதிகம் என்று சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. அதற்கப்புறம் எங்கே தூங்குவது?

காலையில் டாக்டரிடம் நீட்டினேன். "சாம்பிள் எப்ப எடுத்தாங்க, எப்ப மெஷின்ல போட்டாங்க, பாருங்க" என்றார். நாலு மணி நேர இடைவெளி. முதல் நாள் உடனே பார்த்திருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் இருக்கும் ஈ.டி.டி.ஏ.வில் நேரம் ஆக ஆகத் தட்டணு உப்புமாம்.

"ஆய்வு பொய்யில்ல தம்பி. ஆனா அது கூட்டத்தோட கணக்கு. நாங்க முதல்ல கேக்கறது ஆறே கேள்விதான்."

வயது 80-க்கு மேலா? புற்றுநோய் உண்டா? நாள்பட்ட இதய, நுரையீரல் நோய்? நாடி 110-ஐத் தொட்டதா? மேல் ரத்த அழுத்தம் 100-க்குக் கீழா? ஆக்ஸிஜன் 90-க்குக் கீழா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் முதல் முப்பது நாளில் ஆபத்து குறைவு. ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் எக்கோவில் வலது இதயத்தையும் ரத்தத்தில் டிரோபோனினையும் பார்ப்பார்கள். தட்டணு அந்த ஆறில் இல்லவே இல்லை.

அம்மாவுக்கு ஒரு 'ஆம்' இருந்தது. வந்த அன்று நாடி 112. எக்கோ மட்டும் நன்றாக இருந்தது.

ஆறில் மூன்றைக் கட்டிலருகே நின்றால்தான் பார்க்க முடியும். நானோ பயந்துகொண்டு வாசலிலேயே காகிதம் படித்திருக்கிறேன். உள்ளே போனேன்.

"என்னடா, பிளேட்லெட் குறைஞ்சிடுச்சா? பப்பாளி இலைச் சாறு குடிக்கணுமா?"

"இல்லம்மா, கொஞ்சம் குண்டாயிருக்காம்."

"எனக்குக் கஞ்சிதான் குடுக்கறாங்க. அது மட்டும் எப்படிடா குண்டாச்சு?"

மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினேன். 96. மானிட்டரிலும் அதேதான் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் இன்னொரு முறை எண்ணினேன்.